நைட்டிங்கேல் அம்மையார் பணியாளரை நடத்திய பாங்கு

கையில் விளக்கேந்தி, நள்ளிரவில் நோயாளிகளின் படுக்கைகளுக்கிடையே நடந்து செல்லும் ஒரு மெல்லிய மாதின் உருவத்தைப் பாடநூல்களிலே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றவுடன் அவ்விளக்கே முன்வந்து நிற்கின்றது. அன்பு, இரக்கம், தியாகம் என்னும் மூன்று சொற்களோடு பாடமும் முடிந்துவிடும். ஆயின் அவ்வம்மையாரின் தொண்ணூறாண்டு வாழ்வில் விளக்கோடு நடந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவே. எஞ்சிய காலமெல்லாம் அவர் செய்தது வேறொரு வேலை. ஊரார் இழிவென ஒதுக்கிய ஒரு தொழிலுக்கு ஆள் தேர்வதும், அவர்களைப் பயிற்றுவதும், அவர்களுக்கு உணவும் ஊதியமும் உறைவிடமும் வகுப்பதும், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று வரையறுப்பதுமே அவ்வேலை. நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் இன்று செவிலியராகவும், மருந்தாளுநராகவும், துப்புரவுப் பணியாளராகவும் மருத்துவமனைகளிலே பணியாற்றுகின்றனர். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்புக்கு உயர்ந்தோரும் அவர்களுள் உளர். அன்னோர் பொருட்டே அம்மையாரின் வரலாற்றை இப்பக்கத்திலிருந்து பார்க்கப் புகுகின்றோம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலே பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்தின் பெருஞ்செல்வர். வெளிநாட்டுப் பயணத்திலே பிறந்த மகளுக்குப் பிறந்த ஊரின் பெயரையே இட்டனர். தந்தையார் தம் பெண்மக்கள் இருவருக்கும் கிரேக்கம், லத்தீன், வரலாறு ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். கணக்கும் கற்க வேண்டுமென்று புளோரன்ஸ் வீட்டாரோடு வாதாடி அதையும் பெற்றார். 1845இல் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து செவிலித் தொழில் பழகப் போவதாக அவர் கூறியபோது வீடே கலங்கிப் போயிற்று. தாயாரும் தமக்கையாரும் அழுது தடுத்தனர்.

அத்தடைக்குக் காரணம் இருந்தது. அந்நாளைய இங்கிலாந்தில் மருத்துவமனைச் செவிலி என்பவள் வேறு போக்கிடம் இல்லாத ஏழைப்பெண். கூலி குறைவு. தங்குவதற்குத் தனியறை கிடையாது. வார்டின் ஓரத்திலோ படிக்கட்டின் அருகிலோ முடங்கிக் கிடப்பாள். குடிப்பழக்கம் மிகுதி. நோயாளியின் மலசலம் எடுத்துத் தரை கழுவும் அவ்வேலைக்குத் தன் வீட்டுப் பெண்ணை அனுப்ப மதிப்புள்ள எக்குடும்பமும் நினைத்தும் பாராது. ஒரு வேலையைச் செய்பவரைத் தாழ்த்தி வைத்துவிட்டு, தாழ்ந்தவர் செய்வதால் அவ்வேலையே தாழ்ந்தது என்று சொல்லும் இச்சுழலை நம் முன்னோர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் இங்கே மறவாமல் சொல்ல வேண்டும். அம்மையார் அச்சுழலுக்கு வெளியே பிறந்து, தாமாக விரும்பி உள்ளே வந்தவர். நம்மவர் உள்ளேயே பிறந்தவர்கள். இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு அவரைப் புகழ்வதால் நமக்குப் பயன் ஏதுமில்லை.

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1851இல் ஜெர்மனி நாட்டின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரிலிருந்த சேவை நிலையத்தில் மூன்று மாதம் பயின்றார். 1853ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டன் மாநகரின் ஹார்லி தெருவில், நலிந்த நிலையிலிருந்த படித்த பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ விடுதியின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். இங்குதான் அவருடைய நிர்வாக முகம் முதன்முதலில் தெரிகின்றது. வெந்நீர் குழாய் வழியே ஒவ்வொரு மாடிக்கும் வரவேண்டும், உணவைக் கயிற்றுப் பொறியால் மேலே ஏற்ற வேண்டும், நோயாளி மணியடித்தால் அழைத்தவர் யார் என்பது செவிலிக்குத் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு கேட்டார். செவிலி படியேறி இறங்கும் நேரமெல்லாம் நோயாளிக்குக் கிடைக்காத நேரம் என்பது அவர் கணக்கு. குழுவினர் தம் திருச்சபையைச் சார்ந்தவரை மட்டுமே சேர்க்க விரும்பினர். கத்தோலிக்கர், யூதர் முதலிய எவரும் சேரலாம் என்றால்தான் தாம் இருக்க முடியும் என்று கூறி அம்மையார் அதையும் எழுத்திலே பெற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டே பெரும்பணி வந்தது. ரஷ்யாவை எதிர்த்துத் துருக்கியின் பக்கம் நின்று பிரிட்டனும் பிரான்சும் கிரிமியா தீபகற்பத்திலே போர் புரிந்துகொண்டிருந்தன. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கருங்கடலைக் கடந்து, துருக்கித் தலைநகருக்கு எதிர்க்கரையிலிருந்த ஸ்குட்டாரி என்னும் இடத்துப் படைவீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே கட்டுத்துணிகூட இல்லை என்ற செய்தி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்து நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சரும் குடும்ப நண்பருமான சிட்னி ஹெர்பர்ட் வேண்டிக்கொள்ள, 38 செவிலியரோடு 1854 அக்டோபர் 21ஆம் நாள் அம்மையார் புறப்பட்டார். அவர்களுள் 24 பேர் கத்தோலிக்க, ஆங்கிலிக்கத் துறவிச் சகோதரிகள். மற்ற 14 பேர் மருத்துவமனைகளிலே கூலிக்கு வேலை செய்து வந்த எளிய பெண்கள். சகோதரிகள் ஜெபத்தில் கெட்டி, காயம் கட்டுவதில் அப்படியில்லை. எளிய பெண்களோ வேலை அறிந்தவர்கள், புட்டியைக் கண்டால் மனம் தளருபவர்கள். இவ்விரு சாராரையும் ஒரே மேசையில் அமர்த்தி உண்ணச் செய்வதே முதற் சோதனையாயிற்று.

நவம்பர் 4ஆம் நாள் போய்ச் சேர்ந்தனர். நாற்பது பேர் அளவிலான அக்கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்டவை சில அறைகளே. அவற்றுள் ஒன்றில் ஒரு ரஷ்யத் தளபதியின் பிணம் கிடந்ததாம். படை மருத்துவர்களோ பெண்களை வார்டுக்குள் விடமாட்டோம் என்றனர். அமைச்சரின் ஆணையைக் காட்டி அம்மையார் உள்ளே நுழைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மருத்துவர் அழைக்கும்வரை ஒருவரும் வார்டுக்குள் காலடி வைக்கலாகாது என்று தம் கூட்டத்துக்கே தடை போட்டார். வீரர்களின் முனகல் காதில் விழ, செவிலியர் அறைக்குள் உட்கார்ந்து கட்டுத்துணிகளையும் தலையணை உறைகளையும் தைத்துக்கொண்டிருந்தனர். இஃது என்ன கல்நெஞ்சம் என்று சிலர் உள்ளுக்குள் குமுறினர். சில நாட்களுக்குள் பாலக்ளாவா, இன்கர்மன் போர்க்களங்களிலிருந்து நோயுற்றோரும் காயமுற்றோரும் வெள்ளம்போல் வந்து குவியவே, மருத்துவர்களே வாய்விட்டு அழைக்க நேர்ந்தது. அதன்பின் எவரும் அவர்களை அழையா விருந்தாளிகள் என்று சொல்ல இயலவில்லை. மேலதிகாரியிடம் ஆணை பெற்றுவருவது எளிது, உடன் வேலை செய்பவரின் ஒப்புதலைப் பெறுவதே அரிது என்பதைப் புதிய இடத்துக்கு மாறுதலாகிச் சென்றோர் அனைவரும் அறிவர்.

பணியாளர்க்கு அவர் வகுத்த விதிகள் கடுமையானவை. மருத்துவர் எழுதித் தராமல் நோயாளிக்கு ஒரு கரண்டிக் கஞ்சியும் கொடுக்கலாகாது. எல்லாரும் ஒரே சீருடை அணிய வேண்டும். அச்சீருடை அவசரமாகத் தைக்கப்பட்டதால் நெட்டையருக்குக் குட்டையாகவும் குட்டையருக்கு நெட்டையாகவும் அமைந்து அழகுக்கு வெகு தூரத்தில் இருந்தது. தலைக்குல்லாய் இப்படி இருக்குமென்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று ஒரு செவிலி நேரிலேயே முறையிட்டாராம். இரவு எட்டு மணிக்கு மேல் எந்தச் செவிலியும் வார்டில் இருத்தலாகாது என்பது மற்றொரு விதி. ஆயிரக்கணக்கான படைவீரர் நடுவே பெண்கள் வேலை செய்வதைப் பழிக்கக் காத்திருந்த வாய்கள் பல. ஒருவர் மேல் ஓர் அவதூறு எழுந்தாலும் அனைவருடைய வேலையும் போய்விடும். எனவே இரவுச் சுற்றைத் தாமே மேற்கொண்டார். நாம் பாடநூலிலே கண்ட அவ்விளக்கு இவ்விதியின் விளைவே. அது துருக்கியர் வீட்டுச் சாதாரண மடக்கு விளக்கு என்பதும், ஓவியர்கள் வரைந்த அழகிய அகல் அன்று என்பதும் பலருக்குத் தெரியாது.

கடுமை ஒரு பக்கம் இருக்க, வேலைக்கு வேண்டிய பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் தலைவரின் கடமை என்று அவர் கருதினார். தரை கழுவக் கெட்டியான தூரிகைகளும் சாக்குத்துணியுமே அவர் முதலில் கேட்ட பொருள்கள். பண்டகசாலையில் ஆயிரக்கணக்கான சட்டைகள் வந்து கிடந்தும், அதற்குரிய குழு கூடிப் பார்வையிடாமல் கட்டைப் பிரிக்கலாகாது என்று அதிகாரி மறுத்தார். வீரர்கள் குளிரில் நடுங்கினர். டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியிலிருந்தும் தம் சொந்தப் பணத்திலிருந்தும் கடைவீதியிலே வாங்கி அம்மையார் வழங்கினார். ஒரு வீட்டை அமர்த்திக் கொதிகலன்கள் வைத்து, ஆதரவற்றுக் கிடந்த படைவீரரின் மனைவியரைக் கூலிக்கு அமர்த்திச் சலவைக்கூடம் நடத்தினார். சோறு கிடைக்காமல் தவித்த அப்பெண்களுக்கு வேலையும் நோயாளிக்குச் சுத்தமான சட்டையும் ஒருசேரக் கிடைத்தன. வந்த ஒவ்வோர் அன்பளிப்புக்கும் கணக்கு எழுதி, போர் முடிந்த பின் அச்சிட்டு வெளியிட்டார். செவிலியர் ஒவ்வொருவருடைய நடத்தை, திறமை பற்றியும் குறிப்பு வைத்திருந்தார். குடித்துத் தள்ளாடியவரை அடுத்த கப்பலில் அனுப்பிவைத்ததும் உண்டு.

1854 டிசம்பரில், அவர் கேளாமலே, மேரி ஸ்டான்லி என்னும் சீமாட்டியின் தலைமையில் மேலும் 46 பேர் வந்து இறங்கினர். தங்க இடமில்லை, உண்ணப் போதவில்லை. இவர்களுள் பல சீமாட்டியர் நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், பாத்திரம் கழுவ வந்தவர்கள் அல்லர். அம்மையாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற தெளிவும் அவர்களுக்கு இல்லை. தம்மைக் கேளாமல் ஆள் அனுப்பினால் பொறுப்பை விட்டு விலகுவதாக ஹெர்பர்ட்டுக்குக் கடுமையாக எழுதினார். அவருடைய நியமன ஆணையிலேயே ஓர் ஓட்டை இருந்தது. துருக்கியிலுள்ள மருத்துவமனைகளின் செவிலியர் தலைவி என்று அதில் எழுதியிருந்தனர். போர் நடந்த கிரிமியாவோ ரஷ்ய மண். ஆதலால் அங்குள்ள மருத்துவமனைகளில் அம்மையாருக்கு அதிகாரமில்லை என்று தலைமைப் படைமருத்துவர் ஜான் ஹால் சட்டம் பேசினார். அனைத்துப் படை மருத்துவமனைச் செவிலியருக்கும் அவரே தலைவி என்னும் ஆணை 1856 மார்ச்சில்தான் வந்தது. அம்மாதம் 30ஆம் நாள் போரும் முடிந்துவிட்டது. அரசுப் பணியிலுள்ளோர் இந்நிகழ்ச்சியைப் படித்துப் புன்னகைப்பர் என்று எண்ணுகின்றோம்.

இனிச் சொல்லப் போவது பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாதது. அம்மையார் இத்தனை ஒழுங்கு செய்தும் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை, ஏறிற்று. 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டோரில் 100க்கு 42 பேர் மாண்டனர். கட்டிடத்துக்கு அடியில் சாக்கடைகள் அடைத்துக் கிடந்தன. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை ஒன்று கிடந்தது. மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைத் தோண்டி அள்ளி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டம் செய்வித்தனர். ஜூன் மாதத்துக்குள் சாவு 100க்கு 2 அளவுக்கு இறங்கிற்று. ஊர் திரும்பிய பின் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார் என்பாரோடு அமர்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் இவ்வுண்மையின் முழு உருவம் அம்மையாருக்கு விளங்கிற்று. அதனை மூடி மறைக்காமல், 1858இல் வண்ணப் படங்களாக வரைந்து ஆட்சியாளர்முன் வைத்தார். உயிர்களைக் காத்த அச்சாக்கடைகளுக்குள் இறங்கி அள்ளிய கூலியாட்களின் பெயரை எந்தப் புத்தகத்திலும் நாம் கண்டதில்லை.

பெயர் மறைக்கப்பட்ட மற்றொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜமெய்க்காவிலே பிறந்த மேரி சீக்கோல் என்னும் கருப்பினக் கலப்புப் பெண்மணி மருத்துவம் பழகியவர், காலராவைக் கண்டவர். 1854இல் லண்டன் சென்று கிரிமியாவுக்குச் செவிலியாகச் செல்ல மனுச் செய்தார், ஏற்கப்படவில்லை. தம் நிறமே காரணமோ என்று அவர் ஐயுற்றார். அப்போது அம்மையார் லண்டனில் இல்லை. சீக்கோல் தம் சொந்தச் செலவிலேயே சென்று போர்க்களத்தருகே விடுதி அமைத்து வீரர்களைப் பேணினார். பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் அம்மையார் அவரைப் பற்றி மதிப்பின்றி எழுதியுள்ளார். பெரியோர் என்பதற்காக இதை மறைப்பது நமக்குத் தகாது. சீக்கோலுக்கு லண்டனில் சிலை எழுந்தது 2016இல்தான்.

1855இல் கிரிமியாவில் கடுங்காய்ச்சலுற்றுப் பிழைத்த அம்மையார், 1856 ஆகஸ்டில் வரவேற்புகளைத் தவிர்த்து வேறு பெயரில் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டிலிருந்து உடல் நலிந்து பெரும்பாலும் படுக்கையிலிருந்தே வேலை பார்த்தார். மக்கள் நன்றியோடு திரட்டித் தந்த ஏறத்தாழ 45,000 பவுன் நிதியைக்கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஓராண்டுப் பயிற்சி. ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கையறை, உணவு, சீருடை, சலவை, அதற்கு மேல் 10 பவுன் கைச்செலவு. பயிலும் காலத்திலேயே பணம் கொடுத்ததால்தான் ஏழைப் பெண்ணும் சேர முடிந்தது. உதவித்தொகையால் படித்து வந்த நமக்கு இதன் அருமை தெரியும். நேரந்தவறாமை, தூய்மை, நம்பகம், வார்டு ஒழுங்கு என்று தலைப்பிட்ட ஒரு பதிவேட்டில் மாதந்தோறும் ஒவ்வொருவரைப் பற்றியும் தலைமைச் செவிலி வார்ட்ரோப்பர் அம்மையார் பதிய வேண்டும். செவிலியர் அனைவரும் தலைமைச் செவிலிக்கே கட்டுப்பட்டவர்கள், நோய் மருத்துவம் பற்றிய கட்டளை மட்டும் மருத்துவருடையது என்னும் எல்லைக்கோடு இங்கே உறுதிப்பட்டது.

பதிவேடு அழகாக இருந்தது. பள்ளியோ அவ்வளவு அழகாக இல்லை. பத்தாண்டுகளுக்குமேல் ஏடுகளையே நம்பியிருந்த அம்மையார், 1870களின் தொடக்கத்தில் உள்ளே புகுந்து விசாரித்தபோது, பாடம் நடத்த வேண்டிய மருத்துவர் கடமையைக் கைவிட்டிருந்ததும், பயிலும் பெண்கள் கூலியாள்போல் வேலை வாங்கப்பட்டதும் வெளிப்பட்டன. வேறு மருத்துவர் ஆசிரியராக்கப்பட்டார். அதுமுதல் பயிலும் பெண்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்துத் தனித்தனியே பேசினார். 1872 தொடங்கித் தம் செவிலியருக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். நோயுற்ற செவிலிக்குத் தம் சமையலறையிலிருந்து உணவு அனுப்பினார். வெளியூர்ப் பணிக்குச் செல்பவரை அங்கே அவருடைய மலர்க்கொத்து வரவேற்கும். படுக்கையில் கிடந்தவருக்கு ஆட்களோடு இத்தனை நெருக்கம் எவ்வாறு முடிந்தது என்பது நமக்கு இன்றும் வியப்பே. 1859இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில் இதற்கோர் அடிப்படையை அவர் விளக்கியிருந்தார். பொறுப்பேற்றவர் எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டிருப்பது பொறுப்பாகாது, தாம் இல்லாத வேளையிலும் அவ்வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்து வைப்பதே பொறுப்பு என்பது அதன் கருத்து.

லிவர்பூல் நகரின் ஏழைகள் காப்பகத்தில் ஏறத்தாழ 1,200 நோயாளிகள் கிடந்தனர். அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் அதே காப்பகத்தில் அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்கள். வில்லியம் ராத்போன் என்னும் வணிகரின் பொருளுதவியால் 1865இல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் பயிற்சி பெற்ற பெண்மணியையும் 12 செவிலியரையும் அம்மையார் அங்கே அனுப்பினார். காப்பகப் பெண்களுக்கே சிறு ஊதியம் கொடுத்துச் செவிலியராக்கும் முயற்சியும் நடந்தது. பலர் முதற் கூலியைக் குடித்துத் தீர்த்தனர். முயற்சி தோற்றது. பிழை அப்பெண்கள் மேல் மட்டுமா? வாழ்நாள் முழுதும் மதிப்பும் கூலியுமின்றி வாட்டப்பட்டவர் சில மாதத்தில் மாறிவிட வேண்டுமென்று எதிர்பார்த்ததும் பிழையே என்பது நம் கருத்து. ஆக்னஸ் ஓயாது உழைத்து, 1868 பிப்ரவரியில் டைபஸ் காய்ச்சலால் 35 வயதிலே மாண்டார். ஏழை என்பதால் நோயாளியைத் தண்டனைக் கூடத்தில் வைப்பது தகாது, ஏழைக்கும் பயிற்சி பெற்ற செவிலி வேண்டும் என்னும் வாதம் அவ்வுழைப்பால் வலுப்பெற்றது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் லண்டன் ஏழைகளுக்குத் தனி மருத்துவமனைகள் அமைய வழி செய்தது. அம்மையார் கேட்டதில் அது ஒரு பகுதியே.

நம் நாட்டுக்கு அவர் ஒருமுறையேனும் வந்தவர் அல்லர். ஆயினும் 1859 முதல் இந்தியப் படைவீடுகளின் சுகாதாரம் பற்றியும், பின்னர் இந்நாட்டு மக்களின் குடிநீர், வடிகால், பஞ்சம் பற்றியும் இடைவிடாது எழுதி வந்தார்.

முதுமையில் ஒரு பெரிய வழக்கில் அவர் எதிர்ப்பக்கம் நின்றார். 1887இல் பிரிட்டனில் செவிலியர் சங்கம் ஒன்று தோன்றி, தேர்வு வைத்து, தேறியவர் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்டது. தேர்வால் குணத்தை அளக்க முடியாது, தலைமைச் செவிலியின் நேரறிவே சான்று என்று அம்மையார் மறுத்தார். அவர் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. ஆயினும் இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலவில்லை. சான்றிதழும் பதிவும் இல்லாத இடத்தில் வேலை கொடுப்பது யார் பரிந்துரை என்பதை நாம் பட்டறிந்தவர்கள். தேர்வு எழுதித் தேறிய ஒரே பலத்தால்தான் நம் பிள்ளைகள் அவ்வாயில்களுக்குள் நுழைந்தனர். பிரிட்டனிலும் 1919இல் பதிவுச் சட்டம் வந்தேவிட்டது. அதைக் காண அவர் இல்லை.

கண்பார்வை மங்கி, நினைவும் தளர்ந்திருந்த நிலையில் 1907இல் அரசரின் உயரிய விருது ஒன்றைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள் தம் 90ஆம் வயதில் லண்டனில் காலமானார். அரசரும் புலவரும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றபோது குடும்பத்தார் மறுத்துவிட்டனர். ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்க் கல்லறையில், பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும் பொறித்துப் பெற்றோர் அருகே அடக்கம் செய்தனர்.